வெங்காயச் சருகு நிறத்து ஃபியட்

ஜனவரி 4, சனி

இன்று பட்டறைக்கு வந்த வண்டியைப் பார்த்ததும் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. 1961 ஃபியட் 1100. முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் பழைய மாடல். கோயமுத்தூரில் இது உருப்படியாக எத்தனை மிச்சம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பேர்ப்பட்ட வண்டிக்கு எந்தப் புண்ணியவானோ வெங்காயச் சருகு நிறத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான். ரோஸும் இல்லை, செம்பும் இல்லை. கல்யாண மண்டபத்துக்குக்கூட இப்படி அடிக்க யோசிப்பார்கள். ஸ்டியரிங்கைச் சுற்றிக் கூடை பின்னுகிற நரம்பு வயர், பச்சையும் வெள்ளையுமாக. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே டேஷ்போர்டில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் கண்ணாடி. வண்டியா, பியூட்டி பார்லரா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இழுத்து வந்த டெம்போவிலிருந்து இறங்கிய அம்மாவின் பெயர் சுந்தராம்பாள். எழுபது வயதிருக்கும். ஒண்டிப்புதூரில் வீடு. வண்டி அவர் வீட்டுக்காரர் சென்னியப்பனுடையது. மில்லில் சாயப் பிரிவு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். மேலே சொன்ன புண்ணியவான் அவர்தான்.

"இஞ்சின், பிரேக்கு, கரண்டு, இத மட்டும் பாத்துக் குடுங் தம்பி. கலர்ல கை வெச்சிராதீங்க. ஸ்டேரிங்குல வயரு நான் பின்னுனது. இந்தக் கண்ணாடியும் எனக்குன்னு அவரு வெச்சது. பின்னாடி லாரி வந்தா எனக்கு ஒதறல் எடுக்கும், நீயே பாத்துச் சொல்லுன்னாரு. எல்லாம் இப்பிடியே இருக்கோணும்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். போன ஆடியில் சென்னியப்பனுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. நினைவும் விட்டு விட்டுத்தான் வருகிறது.

"சில நாளு என்னயவே ஆருன்னு கேக்கறாருங்க. வண்டிய மட்டும் மறக்கல. கட்டல விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு கெடந்தவரு, வண்டி ரெடியாயிரும், நீங்களா நடந்து போயித்தான் ஏறோணும்னு சொன்னதுக்கப்பறம் எந்திரிச்சு நடக்கப் பழகறாரு. அதனாலதான் இத்தன வருசம் கழிச்சு இதக் கெளப்பறேன். எனக்கென்னத்துக்குங் வண்டி?"

"சரிங்கம்மா" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒப்பவில்லை. நாச்சிமுத்து பட்டறையிலிருந்து ஒரு வண்டி போனால் கம்பெனி வாசலிலிருந்து அன்றைக்கு எப்படி வந்ததோ அப்படிப் போகும். ஒரு ஸ்குரூகூட நம் இஷ்டத்துக்கு இருக்காது. ஊரில் என்னை 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் கிண்டலுக்குக் கூப்பிடுகிறார்கள், அதுவும் தெரியும்.

ஜனவரி 8, புதன்

டேங்கைக் கழற்றியதில் அடியில் காபித்தூள் மாதிரி துரு. கார்புரேட்டருக்குள் குளவிக்கூடு. பின்சீட்டுப் பஞ்சில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. இஞ்சின் மட்டும் பிழைத்துக்கொள்ளும். ஓட்டியவர் ஆயில் விஷயத்தில் ஒழுங்கானவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. ரசனைதான் இப்படி.

இரவு பீர்க்கங்காய்த் துவையல். கோகிலம் உப்புப் போட மறந்துவிட்டாள். சொன்னால், "கம்பெனி விட்டபடியே சாப்புடுங்க" என்கிறாள். என் பெண்டாட்டிக்கு வாய் நீளம்.

ஜனவரி 11, சனி

இன்று தரைப்பாயைத் தூக்கினேன். அடியில், சீட்டுக் கம்பிக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம். கம்பெனி அடித்த அசல் பெயிண்ட்! அறுபது வருஷத்துக்கு மேலாக வெளிச்சம் படாமல் அப்படியே இருக்கிறது. துணியை நனைத்துத் துடைத்தேன். மழை வரும் முன் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல்.

ஜெயசீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினைந்து வருஷமாக என்னிடம் பெயிண்ட் அடிக்கிறவன். "நல்லாருக்குதுங்ணா" என்றான். அவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பட்டறை லீவு. இருந்தாலும் ஒரு எட்டுப் போய் வந்தேன். பானெட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கொஞ்சம்தான்.

ஜனவரி 20, திங்கள்

மார்ச் முதல் ஞாயிறு பழைய வண்டிக் கண்காட்சி என்று அறிவித்துவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து நடுவர்கள் வருகிறார்களாம். இந்தத் தடவை அசல் தன்மைக்குத்தான் பெரிய கப்பு.

எனக்கு அந்தக் கப்பு இதுவரை கிடைத்ததில்லை. போன வருஷம் வைப்பர் நட்டு வேறு காலத்தது என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஹாரன். இரண்டு தடவையும் காளப்பட்டி வின்சென்ட் தூக்கிக்கொண்டு போனான். அவனும் பட்டறைதான் வைத்திருக்கிறான். என்ன, என்னைவிடச் சிரித்துப் பேசுவான். இன்று மதியம் அவனே போன் பண்ணினான்.

"ஏனுங் ஒரிஜினலு, இந்த வருசம் வெங்காய வண்டியாமா? கூட ரெண்டு தக்காளியும் வெச்சுட்டீங்கன்னா குழம்பு வெச்சரலாமுங்க."

அவன் போனை வைத்த பிறகும் சிரிப்பது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சண்டாளன்.

ஜனவரி 24, வெள்ளி

இடது கதவின் அடியில் துரு கண்டேன். பழைய ஒரு ரூபாய் அகலம் இருக்கும். ஜெயசீலன், "ஒட்டுப் போட்டு, பட்டி பாத்து, அந்த எடத்துல மட்டும் டச்சப் பண்ணிரலாமுங்ணா" என்றான். துரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. இன்றைக்கு ஒரு ரூபாய், நாளைக்கு ஒரு தட்டு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுந்தராம்பாள் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, கதவு, தளம் எல்லாத்தையும் துரு தின்னுருக்குதுங்க. பெயிண்ட முழுசா உரிச்சாத்தான் தகடு நிக்கும். இல்லீன்னா ஐயா ஏறி ஒக்காந்தா கால் ரோட்டுல இருக்கும்."

அந்த அம்மா கேட்டது நிறத்தைத்தான்.

"உரிச்சுப்போட்டு மறுக்காவும் அதே கலரு அடிக்க முடியுங்களா தம்பி?"

"பாக்கலாமுங்க."

"அது கடையில வாங்குன கலரு இல்லீங். மில்லுல ஒருக்கா ஒரு லாட்டு சாயம் தப்பாப் போயிருச்சு. துணி வாங்கற பையரு வேண்டாம்னு திருப்பிட்டாங்க. மொதலாளி காச்சு காச்சுன்னு காச்சுனாரு. இவருக்கு மட்டும் அது புடிச்சுப் போச்சு. அந்தத் துணியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு டப்பா டப்பாவா பெயிண்டக் கலக்கி, அவரே நின்னு அடிச்சாரு. தப்பா வந்தாலும் எவ்வளவு அழகா வந்துருக்குது பாருன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு."

"அந்தத் துணி இருக்குங்களா?"

"அது எப்பவோ கரித்துணியாப் போச்சுங். நீங்க வெவரம் தெரிஞ்சவரு. உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

ஆக, அவரே சம்மதித்துவிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

உரிக்கிற வேலை ஆரம்பம். ஜெயசீலன் ரசாயனத்தைத் தடவும் முன் கேட்டான், "பெட்ரோல் மூடியோ எதோ ஒண்ண உரிக்காம எடுத்து வெச்சுக்கட்டுங்களாண்ணா? பின்னாடி கம்ப்யூட்டர்ல ஷேடு புடிக்கணும்னா ஒதவும்."

"எதுக்கு?" என்றேன். அவன் பிரஷ்ஷை ரசாயனத்தில் முக்கினான்.

ஜனவரி 29, புதன்

உரித்தாயிற்று. தை அமாவாசை, மதியம் சோறு லேட்.

தகடு நன்றாக இருக்கிறது. உள்பக்கம் துரு இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

ஸ்டியரிங் வயரை பிளேடு போட்டு அறுத்தேன். என்ன பின்னல், அடேயப்பா! ஒரு இடத்தில்கூட முடிச்சு வெளியே தெரியவில்லை. அடியில் அசல் ஸ்டியரிங் யானைத் தந்த நிறத்தில் பளிச்சென்று இருந்தது. வயர் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். முகக்கண்ணாடியைக் கழற்றி, ஓட்டைகளைப் பற்றவைத்து ராவி, ஒரு காலத்தில் அங்கே ஓட்டை இருந்தது என்றே தெரியாமல் பண்ணிவிட்டோம்.

கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே வைத்தேன் என்று இப்போது நினைவில்லை. பழைய இரும்புக்காரன் நேற்று வந்திருந்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோகிலம் மருதமலைக்குப் போனாள். நான் போகவில்லை. சாம்பல் பெயிண்ட் கடைசிக் கோட்டு இன்றைக்கு. அடித்து முடித்து ஜெயசீலன் ஒதுங்கியதும் நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தொழிற்சாலை வாசலில் நின்ற மாதிரி நின்றது வண்டி. இதைத்தான் நான் முப்பது வருஷமாகச் சொல்கிறேன். மனுஷன் வருவான், போவான், அவனவன் ஆசைக்கு எதையாவது பூசுவான். வண்டிக்கென்று ஒரு நிஜம் இருக்கிறது.

சாயங்காலம் சுந்தராம்பாள் அம்மா கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னைக்கு வாசல் கேட்டு வரைக்கும் நடந்துட்டாருங் தம்பி! ஆரும் புடிக்கல. கேட்டத் தொட்டுக்கிட்டு, வண்டி வந்து நின்னா சாவி போட இப்பவே கை பழகோணும்னு வலது கைய இப்பிடி இப்பிடித் திருப்பறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"ரொம்ப சந்தோசமுங்கம்மா."

"கலரு என்னாச்சுங்?"

"வேல நடக்குதுங்க" என்றேன். என் சட்டையெல்லாம் சாம்பல் தூசி.

பிப்ரவரி 22, சனி

வண்டி ஓடுகிறது. அவிநாசி ரோட்டில் ஒரு ரவுண்டு போனேன். நல்ல பையன் மாதிரிச் சத்தம் போடாமல் போகிறது. சிக்னலில் நின்றபோது பக்கத்து காரில் இருந்த ஒருத்தர் கண்ணாடியை இறக்கி, "கொடுத்து வெச்சவருங்க" என்றார். நான் வண்டி என்னுடையதில்லை என்று சொல்லவில்லை. அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

கப்பு எனக்கு!

நடுவர் தரைப்பாயைத் தூக்கிப் பார்த்தார், வயரிங் துணிச்சுற்றைப் பார்த்தார், ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். டேஷ்போர்டில் டார்ச் அடித்து மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். ஓட்டை இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. "இந்த வண்டியை யாரும் தொட்டதே இல்லை போலிருக்கே" என்றார். வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். வின்சென்ட் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். வாயில் ஒரு வார்த்தை கிண்டல் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கோகிலம் கேட்டாள், "அந்த அம்மாவக் கூப்படலீங்களா? அவங்க வண்டிக்குத்தானே கப்பு?"

"வயசானவங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"பரிசு வாங்கப் போறோம்னாச்சும் சொன்னீங்களா?"

நான் டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 3, திங்கள்

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. நானும் வண்டியும் கப்பும். நல்ல தெளிவான படம். ஒண்டிப்புதூரில் அவர்கள் எந்தப் பேப்பர் வாங்குகிறார்களோ தெரியவில்லை. அச்சு கறுப்பு வெள்ளைதான், நிறம் தெரியாது.

மார்ச் 8, சனி

நேற்றோடு இந்த டைரியை நிறுத்தியிருந்தால், இதிலாவது நான் நல்லவனாக இருந்திருப்பேன். எழுத உட்கார்ந்து நேரமாகிறது.

வண்டி தயார் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். வாடகை காரில். சென்னியப்பன் ஐயாவை நான் இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பின மாதிரி வந்திருந்தார். தாங்கிப் பிடிக்கப் போன டிரைவரைக் கையால் விலக்கிவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து, தானாக நடந்தார். சுந்தராம்பாள் அம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழப் பையும் இன்னொரு கையில் தேங்காயுமாகப் பின்னால் வந்தார். சக்கரத்துக்கு வைத்து நசுக்க.

வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. ஐயா அதன் பக்கத்தில் வந்தார். ஒரு நிமிஷம் நின்றார். மட்கார்டை இடது கையால் தடவினார்.

"நல்ல வண்டிங்க. சுத்தமா வெச்சிருக்கறாங்க. ஆரோடது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அதைத் தாண்டிப் பட்டறைக்குள் போனார்.

நான் பின்னாலேயே போனேன். உள்ளே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். கவர் போட்டிருந்த ஒன்றின் கவரை நுனியில் தூக்கிப் பார்த்தார். கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். இவ்வளவு தூரம் அவர் இந்த எட்டு மாதத்தில் நடந்திருக்க மாட்டார்.

"என்ற வண்டி எங்கீங்க? கழுவக் கொண்டு போயிருக்கறாங்களா?"

சுந்தராம்பாள் அம்மா இன்னும் சாம்பல் வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கதவு வழியாக உள்ளே குனிந்து, டேஷ்போர்டில் கண்ணாடி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் வண்டிக்கு வந்த கப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என் வாயில் ஏன் அது வந்தது என்று தெரியவில்லை. இதுதான் அசல், கம்பெனியிலிருந்து வந்த நிறம், வண்டியின் மதிப்பு ரெட்டிப்பாகிவிட்டது, என்னென்னவோ உளறினேன். அந்த அம்மா அதில் எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் போய்க் கையைப் பிடித்து வண்டி அருகே கூட்டி வந்தார்.

"இதுதானுங்க நம்ம வண்டி. பெயிண்டு மாத்தியிருக்குது. நம்பரப் பாருங்க."

ஐயா நம்பரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"வித்துப்போட்டயா?"

"ஐயோ, இல்லீங்க!"

"என்னய ஒரு வார்த்த கேக்காம வித்துப்போட்டயா அம்மணி? நம்பரக் கழட்டி இதுல மாட்டுனா எனக்குத் தெரியாதா? நான் செத்தா போயிட்டேன்?"

அந்த அம்மா அழுதார். ஐயா திரும்பி நடந்தார். வாடகை காருக்குப் போகும்போது டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தேங்காயும் எலுமிச்சம்பழமும் என் பட்டறை பெஞ்சிலேயே இருக்கின்றன.

மார்ச் 9, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

மார்ச் 12, புதன்

சுந்தராம்பாள் அம்மாவுக்கு போன் பண்ணினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"படுத்தவரு எந்திரிக்கலீங் தம்பி. நடக்கச் சொன்னா, எங்க நடந்து போறதுங்கறாரு. மத்ததெல்லாம் மறக்கறாரு, நான் வண்டிய வித்தது மட்டும் மறக்க மாட்டேங்குது. என்ற கையில தண்ணி குடுத்தா வாங்கறதில்ல."

இரவு கோகிலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரு விஷயத்தையும். இதுவரை நான் இந்த டைரியில்கூட நேராக எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்: துரு இல்லை. கதவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் இருந்தது. கப்புக்காகப் பொய் சொன்னேன். அந்த அம்மா நம்பினார்.

கோகிலம் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியிலிருந்தே கேட்டாள், "அந்தக் கப்பு என்னத்துக்கு ஆகும்? மோர் ஊத்திக் குடுக்கட்டுமா, குடிக்கறீங்களா?"

அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதே கலர அடிச்சுக் குடுங்க. போங்க" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

காந்திபுரம் பெயிண்ட் கடையில் நாள் முழுக்க நின்றேன். கம்ப்யூட்டருக்கு மாதிரி வேண்டும். மாதிரி இல்லை. ஜெயசீலன் அன்றைக்குக் கேட்டதற்கு, எதுக்கு என்று சொன்ன வாயை என்ன செய்யலாம்? வண்டி முழுக்கத் தேடினோம். கதவு இடுக்கு, விளக்குக் கூட்டின் உள்பக்கம், பெட்ரோல் மூடி. ஒரு பொட்டுகூட மிச்சம் இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

கண்ணால் நினைவு வைத்து ஏழெட்டுக் கலவை பண்ணித் தகட்டில் அடித்தோம். ஜெயசீலன் இதுதான் என்கிறான். நான் அதுதான் என்கிறேன். போனில் எடுத்த படத்தைப் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறம்.

மார்ச் 23, ஞாயிறு

தகடுகளை எடுத்துக்கொண்டு ஒண்டிப்புதூர் போனேன். முதலில் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். துரு இல்லை என்றேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"அப்பறம் ஏனுங் அப்பிடிச் சொன்னீங்க?"

"போட்டிக்கு."

"நான் வண்டியச் சும்மா நிக்க உட்டது தப்போ, நல்லா வெச்சிருந்தா துரு ஏறாம இருந்துருக்குமோன்னு அன்னைக்கு ராத்திரி பூரா அழுதனுங் தம்பி" என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து போய்விடக் கூடாதா என்று இருந்தது.

தகடுகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எனக்குத் தெரியலீங், நெனப்புல எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்குது. அவருகிட்டயே காட்டிப் பாருங்க."

ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தகடு என்றதும் திரும்பினார். இடது கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்த நேரத்துக்கு அவர் மறுபடியும் மில்லில் இருந்தார். என்னை எந்த ஷிஃப்டு ஆள் என்று நினைத்தாரோ.

"செவப்பு எச்சா உழுந்துருக்குது" என்று முதலாவதை வைத்தார். "இது தூங்குது" என்று அடுத்ததை வைத்தார். எல்லாவற்றையும் அப்படியே பார்த்து முடித்தார். நான் மிகவும் நம்பிய ஒன்றை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஆனா இது வேற லாட்டுங்க. ஒரு லாட்டு போச்சுன்னா போச்சு, தலகீழா நின்னாலும் அதே மறுக்கா வராது. இதக் கொண்டுபோயி அதுன்னு சொல்லிப்போடாதீங்க, பையரு கண்டுபுடிச்சுருவான்" என்றார். தகட்டை என்னிடம் தந்துவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் இரண்டு கலவை. இரண்டையும் நானே தூக்கிப் போட்டேன். வின்சென்ட் வந்து பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் உரிச்சிருப்பேன்" என்றான். ஆறுதல் சொன்னானாம். அவன் போனதும் கப்பை அலமாரியிலிருந்து இறக்கி ஆணி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். சுந்தராம்பாள் அம்மா தானே போன் பண்ணினார். இளைத்துப்போன குரல்.

"அந்தச் சாம்பல் வண்டிய எங்கூட்டு வாசலுக்குக் கொண்டாராதீங். உங்ககிட்டயே நிக்கட்டும். எனக்கு ஒரு உபகாரம் பண்ணோணும்."

"சொல்லுங்கம்மா. என்ன வேணாலும்."

"அவருகிட்ட நான் சொன்னா நம்பறதில்ல. நீங்க போன்ல சொல்லுங்க. வண்டி விக்கல, எங்கிட்டத்தான் இருக்குது, இன்னும் வேல முடியலன்னு சொல்லுங்க. அன்னைக்கு அவரு பாத்தது வேற ஆரோ வண்டின்னு சொல்லிருங்க. அத நம்புனாத்தான் எந்திரிப்பாரு."

"பொய்யாச்சுங்களேம்மா" என்று சொல்ல வந்தேன். எந்த வாயால் சொல்வது?

ஏப்ரல் 12, சனி

பேசினேன். ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். "விக்கலயா? நெசமாவா?" என்று மூன்று நான்கு தடவை கேட்டார். சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

சாயங்காலம் அந்த அம்மா கூப்பிட்டார். ஐயா எழுந்து கூடம் வரை வந்தாராம். அந்த அம்மா கையால் காபி வாங்கிக் குடித்தாராம். "ஆனா நாளைக்குக் காலையில இது அவருக்கு நெனப்பு இருக்காதுங்க" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வாசலில் மாவிலை கட்டினோம். கோகிலம் மாங்காய்ப் பச்சடி பண்ணியிருந்தாள். பட்டறைக்குப் போய், கவர் போட்டு மூலையில் நிற்கிற வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஐயாவுக்கு போன் பண்ணினேன். மூன்றாவது நாளாகப் பண்ணுகிறேன். மூன்று நாளும் அவருக்கு நான் புது ஆள். மூன்று நாளும் முதலிலிருந்து சொன்னேன்.

"ஐயா, பட்டறையிலிருந்து நாச்சிமுத்து பேசறேனுங்க. உங்க வண்டி எங்கிட்டத்தான் இருக்குது. வேல நடந்துட்டு இருக்குதுங்க."

"அப்பிடீங்களா! வித்துப்போட்டான்னு நெனச்சு என்ற சம்சாரத்த வஞ்சுபோட்டனுங். பாவம், அது அழுதுருச்சு." குரல் பக்கத்தில் திரும்பியது. "அம்மணி, வண்டி இருக்குதாமா!"

பின்னால் அந்த அம்மா, "அப்பிடீங்களா, நல்லதாப் போச்சு" என்பது கேட்டது. நேற்றும் அதையேதான் சொன்னார், அதே மாதிரி.

"தம்பி, அவசரமே இல்லீங்க. மெதுவாப் பண்ணுங்க. நான் அதுக்குள்ள நடந்து பழகிக்கறேன்" என்றார் ஐயா. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார். "வேற ஆரு கையிலயாச்சும் குடுத்துருந்தா, இது என்ன கலருன்னு சொல்லி அவுங்க இஷ்டத்துக்கு எதையாச்சும் பண்ணிப்போட்டிருப்பாங்க. நீங்க அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. பேச்சுலயே தெரியுது."

"சரிங்கய்யா" என்றேன்.

நாளைக்கும் கூப்பிட வேண்டும். நாளைக்கும் அவர் இதையே சொல்வார்.